அக்கானி இல்லாத மாதம்

ஐப்பசியில் யாரும் பனையேறுவதில்லை.
ஆனாலும் குளச்சல் ஆசுபத்திரியில்
ஏழாம் நாள் குழந்தையின் ஈரத்துணியை
வாளியில் போடப்போன லீலாபாய்
நின்றாள், முகர்ந்தாள், என்னிடம் வந்தாள்.
"சிஸ்டரே, இதுல பாகு மணக்கு."

திக்கணங்கோட்டுக்காரி.
கல்யாணம்வரை அக்கானி காய்ச்சியவள்.
பாகு எப்போது முத்தும், எப்போது அடிப்பிடிக்கும்
கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.
நான் நாலு வருடம் நர்சிங் படித்தவள்.
எனக்கு டெட்டால்தான் மணத்தது.

குழந்தைக்கு இன்னும் பெயரில்லை.
கேஸ் ஷீட்டில் 'ஷைனியின் பெண் குழந்தை'.
இரண்டு கிலோ எழுநூறு, பிறந்ததும் அழுதது,
மூன்றாம் நாள்வரை நன்றாகக் குடித்தது.
நான்காம் நாள் முலையை மறந்தது.
பிறகு முதுகை வில்லாக வளைத்து
மல்லாந்து கிடந்தபடியே சைக்கிள் மிதித்தது.
கிருமி என்றோம். எங்களுக்குத் தெரிந்தது கிருமி.
மருந்து மாற்றினோம். வளர்த்துப் பார்த்த இரத்தத்தில்
ஒன்றும் வளரவில்லை. சர்க்கரை சரி. கால்சியம் சரி.
எல்லாம் சரியாக இருக்க
குழந்தை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் ஷம்சாத் துணியை வாங்கி
முகக்கவசத்தை இறக்கினார்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
பரீட்சைக்குப் படித்த ஒரு வரி
அவருக்கு வந்திருக்க வேண்டும், எனக்கும் வந்தது:
மேப்பிள் பாகு மணக்கும் சிறுநீர்.
ஒரு மார்க் கேள்வி.
அது என்ன மரம், கனடாவில் அது
எப்படி வடியும், எங்களில் யார் கண்டது?
புத்தகம் எழுதியவர் வீட்டருகே ஒரு பனை நின்றிருந்தால்
நாங்கள் என்றைக்கோ முகர்ந்திருப்போம்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்.
ஷைனி மார்பைப் பொத்திக்கொண்டாள்.
பாலில் உள்ள ஒன்றை உடைக்க இவளுக்கு வழியில்லை,
உடையாதது தலைக்கேறுகிறது என்று
எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன்.
"எனக்க பாலா?" என்றாள்.
"மணலா?" என்றாள்.
மணவாளக்குறிச்சி மணலை எல்லாரும் கேட்கிறார்கள்.
இல்லை மக்ளே, உன்னிடம் ஒரு பாதி, அவரிடம் ஒரு பாதி,
இரண்டும் இவளிடம் வந்து சேர்ந்துவிட்டது.
அவர், கிளீற்றஸ், அப்போது ஓமனுக்கு இப்பால்
சூரை மீன் பின்னால், கடலில் முப்பத்தொன்றாம் நாள்.
வயர்லெஸ்ஸில் என்னத்தைச் சொல்ல?

குதிகாலைக் குத்தி, தடித்த தாளில்
நான்கு வட்டங்கள் நிறைத்தேன்.
மழை ஈரம். காயவில்லை. கரண்டும் இல்லை.
தடுப்பூசிப் பெட்டியின்மேல் கிடத்தி
கேஸ் ஷீட் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன்.
கூரியர்க்காரன் எடை போட்டான், இருபது கிராம்.
உள்ளே என்ன என்றான்.
கடிதம் என்றேன்.

அன்று ராத்திரி, குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தபடி
ஷைனி சொன்னாள்:
"மூத்தவனுக்கும் இந்த மணம் உண்டு.
ஒன்பது நாள் இருந்தான்.
நான் சோப்பு மாத்தினேன்."

பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது,
லீலாபாய் சொன்னதையே எண்களில்.
குழந்தை அதற்குள் திருவனந்தபுரத்தில்.
இருக்கிறாள். கழுத்து நிற்கத் தாமதமாகும் என்கிறார்கள்.
அவள் குடிக்கவேண்டிய மாவு டப்பா ஒன்றுக்கு
கிளீற்றஸின் ஒரு பயணத்துப் பங்கு போகும்.
அது தனிச் சண்டை. மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஷைனி என்னிடம் கேட்டது வேறு.
பதிவறையில், மூன்று வருடத்துக்கு முந்தைய கட்டில்,
செல்லரித்தது போக மிஞ்சிய ஒரு தாள்:
'ஷைனியின் ஆண் குழந்தை. காரணம் தெரியவில்லை.'
பேனாவால் திருத்த எனக்கு உரிமையில்லை.
ஓரத்தில், பென்சிலால், சின்னதாக எழுதினேன்:
பாகு மணந்தது.
தாய் கவனித்திருக்கிறாள்.